மிஸஸ் ஸ்பிங்கின் வாய்

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் சிரில் ரிம்மருக்குப் பொம்பளை வேஷம் கட்டிவிடுவது அவன் மனைவி ஃப்ரீடாவின் வேலை. இடுப்புக் கச்சையைத் தானே இறுக்கிக்கொள்ள அந்த ஆளுக்குத் துப்பு கிடையாது. படுக்கையறைக் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு, மூச்சை உள்ளே இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். அவள் தன் முழங்காலை அவன் முதுகில் கொடுத்து நாடாவை இழுப்பாள். கச்சை அவளுடையது. அதற்கு மேல் போடும் பூப்போட்ட கவுன் அவளுடையது, பச்சைக் கோட்டு அவளுடையது, இறகு வைத்த தொப்பி அவள் தங்கச்சி கல்யாணத்துக்கு அவள் வாங்கியது. இவ்வளவையும் மாட்டிக்கொண்டு பாட்டர்ஸ் லேன் தொழிலாளர் கிளப்பின் மேடையில் ஏறி அவன் பேசுகிற பேச்சு இருக்கிறதே, அதுவும் அவளுடையதுதான்.

அந்தப் பேச்சுக்காரியின் பெயர் மிஸஸ் ஸ்பிங்க். பக்கத்தில் ஒரு காலி நாற்காலி கிடக்கும். அதில் அவள் புருஷன் ஹெர்பர்ட் உட்கார்ந்திருப்பதாகக் கணக்கு. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஹெர்பர்ட்டிடம் அவள் ஊர்க்கதை பேசுவாள். "நான் யாரையும் குத்தம் சொல்றவ இல்ல, ஹெர்பர்ட்..." என்று சிரில் ஆரம்பித்து நிறுத்துவான். "ஆனா!" என்று அரங்கம் முழுக்கக் கத்தும். அந்த ஒரு "ஆனா"வைக் கத்துவதற்காகவே மழையில் நனைந்துகொண்டு வந்தவர்கள் உண்டு.

இருபத்தாறு வருஷமாக அதே தொப்பி, அதே கைப்பை, அதே "ஆனா". 1947இல் சிரித்த இடத்திலேயே 1973இலும் சிரித்தார்கள். சிரிப்பு வரப்போவது தெரிந்து, பீரைக் கீழே வைத்து, வாயைத் துடைத்துத் தயாராகக் காத்திருந்து சிரித்தார்கள். இது எப்படிச் சலிக்காமல் ஓடுகிறது என்று ஃப்ரீடா யோசித்துப் பார்த்திருக்கிறாள். உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருத்தனும் பக்கத்து மேசைக்காரன் பெண்டாட்டியைத்தான் மேடையில் பார்க்கிறான். ஒவ்வொருத்தியும் அடுத்த தெருக்காரியைப் பார்க்கிறாள். தன்னைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று ஒருத்தருக்கும் தோன்றவே தோன்றாது. அப்படிப்பட்ட சமாச்சாரத்துக்குச் சாவு ஏது?

நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும்: சிரிலுக்கு நிறுத்தத் தெரியும். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, காலி நாற்காலியைப் பார்த்து, ஹெர்பர்ட் என்னவோ சொல்வது போலக் காதுகொடுத்து, "என்னது?" என்று அவன் புருவத்தைத் தூக்கும்போது, அந்த இல்லாத ஹெர்பர்ட் என்ன உளறினான் என்பது கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். நாற்காலியைப் பேசவைக்கத் தெரிந்த அந்த மனுஷன் வீட்டில் இருக்கிறவளை மட்டும் பேச விடவில்லை. அவள் வாயைத் திறந்தால் போதும், சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகம் வெளியே வந்துவிடும். "திரும்பச் சொல்லு கண்ணு, மெதுவா" என்று பென்சிலை நாக்கில் தொட்டுக்கொள்வான். பக்கத்து வீட்டு ஜன்னல் திரையைப் பற்றி அவள் சொன்னது, அவள் அம்மா செத்தபோது வந்த பாதிரியாரைப் பற்றிச் சொன்னது, வயிற்றுப் பொருமலைப் பற்றிச் சொன்னது, எல்லாம் அடுத்த சனிக்கிழமை இறகுத் தொப்பி போட்டுக்கொண்டு மேடையேறும்.

அதனால் ஃப்ரீடாவும் அவள் சிநேகிதி எல்சி நட்டரும் வீட்டுச் சமையலறையில் சத்தமில்லாமல் பேசப் பழகிக்கொண்டார்கள். அதற்குப் புதிதாக எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை. இருவரும் பதினாலு வயதில் மில்லுக்குத் தறி ஓட்டப் போனவர்கள். முந்நூறு தறி ஒரே கொட்டகையில் அடிக்கும்போது இடி விழுந்தாலும் கேட்காது. அங்கே வாயை மட்டும் அசைத்து, உதட்டைப் பார்த்துப் பேசுவதுதான் பேச்சு. ஊமைப்பேச்சு என்பார்கள். கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, ஒரு மேஸ்திரியின் முதுகுக்குப் பின்னால், அவன் மானத்தையே வாங்கிவிடலாம்.

சிரில் மில்லுக்குள் கால் வைத்தவனில்லை. கடலோர சவுத்போர்ட்டில் பிறந்து, இன்ஷூரன்ஸ் தவணை வசூல் பண்ண இந்த மில் ஊருக்கு வந்து, கையில் எண்ணெய் ஒட்டாமல் வேலை பார்த்தவன். ஊமைப்பேச்சு அவனுக்கு ஒரு கோமாளித்தனம், அவ்வளவுதான். மிஸஸ் ஸ்பிங்க் அந்தரங்க சமாச்சாரம் சொல்லும் இடங்களில் வாயைக் கோணி, உதட்டைப் பிதுக்கி, சத்தமில்லாமல் என்னவோ மென்று காட்டுவான். தறிக்காரிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தன் நடிப்புக்குச் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தான். அவன் மென்றதில் ஒரு சொல்லாவது சொல்லாக இருந்தால்தானே! இருபத்தாறு வருஷமாக அந்த ஆள் மேடையில் நின்று குழந்தை மாதிரி "பூ பா" என்று உளறிக்கொண்டிருந்தான். அதை அவனிடம் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. சொல்லிவிட்டால் சிரிப்பு போய்விடுமே.

அந்த வருஷம் வசந்தத்தில் ஃப்ரீடாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்தாள். எல்சி ரொட்டியும் சூப்பும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். ஃப்ரீடாவுக்கு உடம்பில் தெம்பில்லை. மருந்து மயக்கம் வேறு. வாயை அடக்கிப் பேச மறந்துபோய், சத்தமாகவே சொன்னாள்:

"அவ இருந்த ஒரே வீடு அதுதான்டி எல்சி. அதையும் இடிச்சுட்டாங்க."

எல்சிக்குப் புரிந்தது. 1946இல் பிறந்து, ஒரு மூச்சுகூட விடாமல் போன பெண் குழந்தை அது. செவிலி ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். அந்தக் காலத்தில் அம்மாவுக்குக் காட்டுகிற வழக்கமில்லை, பெயர் வைக்கிற வழக்கமும் இல்லை. ஃப்ரீடா மனசுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தாள். அது எல்சிக்கு மட்டும் தெரியும். சிரில் அந்த வாரம் முழுக்க வசூலுக்குப் போனான். அடுத்த வருஷம் மிஸஸ் ஸ்பிங்கை ஆரம்பித்தான்.

அன்றைக்கு அவன் கொல்லைக் கதவோரம் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். இருவரும் கவனிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, கவுனை இஸ்திரி போட எடுத்தபோது அதன் மடிப்பில் காகிதங்கள் இருந்தன. 'மிஸஸ் ஸ்பிங்க் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள்.' ஃப்ரீடா இஸ்திரிப் பெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டுப் படித்தாள். மூன்றாம் பக்கத்தில் இருந்தது: "வீட்டை இடிச்சுட்டாங்க, ஹெர்பர்ட். (நிறுத்தம்.) என்னது? உனக்கென்ன நஷ்டம்? நீ அங்க குடியிருந்ததே வருஷத்துக்கு ரெண்டு ராத்திரி!"

அவள் இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். காகிதத்தை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

"இது என்ன?"

"ஆகா, பாத்துட்டியா!" சிரிலுக்கு முகமெல்லாம் பல். "அந்த மூணாம் பக்கம் இருக்கே, கூரை பிச்சுக்கிட்டுப் போயிடும் பாரு. சனிக்கிழமை மான்செஸ்டர்லேருந்து ரேடியோக்காரர் வர்றார், கண்ணு. அவருக்குப் பிடிச்சுதுன்னா பதிமூணு வாரம்! ஊர் ஊரா, வீட்டுக்கு வீடு, ஞாயித்துக்கிழமை சாப்பாட்டு நேரத்துல மிஸஸ் ஸ்பிங்க்!"

"இந்த வரியை எடுத்துடு."

"எதை? வீட்டையா? அதுதானே உயிரே!"

"அது நான் எல்சிகிட்டச் சொன்னது. ரோஸ்மேரியைப் பத்தி."

"ரோஸ்மேரியா? அது யாரு?"

ஃப்ரீடா காகிதத்தை மேசையில் வைத்தாள். இந்தக் கேள்வியைக் கேட்கிற நிலைமையில் ஒரு புருஷன் இருந்தால் அவனிடம் சொல்லித்தான் என்ன பிரயோஜனம்?

"இதோ பாரு கண்ணு," என்று அவன் பெருந்தன்மையாகச் சொன்னான். "உன் வாயில வந்தா அது ஒப்பாரி. என் வாயில வந்தா சிரிப்பு. ஒப்பாரியை எவன் காது குடுத்துக் கேப்பான்?"

அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் சிரில் எழுந்து வாயைத் திறந்தான்; காற்றுதான் வந்தது. டாக்டர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, குரல்வளை வீங்கியிருக்கிறது, ஒரு வாரத்துக்குக் கிசுகிசுக்கக்கூடக் கூடாது, மீறினால் குரல் திரும்பாது என்றார். ஃப்ரீடா சாமி கும்பிடுகிறவள் இல்லை. இருந்தாலும் டாக்டருக்கு இரண்டு பிஸ்கட் வைத்து டீ கொடுத்தாள்.

சனிக்கிழமை காலையில் கிளப்பின் நிகழ்ச்சிக் காரியதரிசி வில்ஃப் தலையில் கைவைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். குழாய் ரிப்பேர்க்காரர். வாரம் பூராவும் அடுத்தவர் சாக்கடையில் கைவிட்டுவிட்டு, சனிக்கிழமை மட்டும் கழுத்தில் போ-டை கட்டிக்கொண்டு ஒலிபெருக்கியில் அதிகாரம் பண்ணுகிறவர்.

"ரேடியோக்காரர் ரயில் ஏறிட்டாராம்யா! அவருக்கு நான் என்ன பதில் சொல்ல?"

சிரில் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக் காட்டினான்: 'ஃப்ரீடா போகட்டும். பார்த்துப் படித்தால் போதும். சரக்கு என் எழுத்தில் இருக்கிறது.'

வில்ஃப் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பொம்பளை வேஷத்தைப் பொம்பளையே கட்டினா அதுல என்னய்யா வேடிக்கை?"

"நான் போறேன்," என்றாள் ஃப்ரீடா.

இருவரும் திடுக்கிட்டார்கள். அவள் கணக்கு சுலபமானது. அவள் போகாவிட்டால் காகிதத்தைச் சிரில் ரேடியோக்காரர் கையில் கொடுத்து அனுப்பிவிடுவான். அதை அவரே பல்லை இளித்துக்கொண்டு ரயிலில் படிப்பார். போய்ப் படுமோசமாகப் படித்துத் தொலைத்தால், இந்தச் சனியன் இங்கேயே செத்துவிடும். மோசமாகப் படிப்பது தனக்குக் கஷ்டமில்லை என்று அவள் நினைத்தாள்.

ஏழரை மணிக்குக் கிளப் வாசலில் நிறுத்தினார்கள். பெண்கள் அங்கே அங்கத்தினர் ஆக முடியாது. அங்கத்தினர் ஒருவர் விருந்தாளி என்று கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளே விடுவார்கள். அன்றைக்கு மேடையேறப்போவதே அவள்தான் என்றாலும் சட்டம் சட்டம்தானே! சிரில் தன் மூன்று சுற்றுக் கம்பளி மப்ளரைத் தளர்த்திக்கொண்டு, 'மிஸஸ் ரிம்மர், விருந்தாளி' என்று எழுதிய பிறகு காவலாளி வழிவிட்டான். அவள் தன் சொந்தக் கோட்டில், சொந்தத் தொப்பியில், சொந்தக் கச்சையில் உள்ளே போனாள். கச்சையை அவளுக்கு யாரும் இறுக்கிவிடவில்லை.

"அமைதி, ஐயா! அமைதி, அம்மா!" வில்ஃப் மைக்கைத் தட்டினார். "இறைச்சிப் பரிசுக்கான சீட்டுக் குலுக்கல் இதுக்கு அப்புறம்தான், எழுந்திருக்காதீங்க. நம்ம சிரிலுக்குத் தொண்டை போச்சு. அதனால இன்னிக்கு மிஸஸ் ஸ்பிங்க்கா அவர் வீட்டுக்காரம்மா. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

ரேடியோக்காரர் முதல் மேசையில் மான்செஸ்டர் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஆண்களும் பெண்களுமாக நூற்றிருபது பேர், கறி அடைத்த 'பை' பலகாரத்துக்கும் பட்டாணிக்கும் முன்னால். அதில் பாதிப் பேர் தறிக்காரிகள். மூன்றாம் வரிசையில் எல்சி. சிரில் மேடையின் ஓரத்தில், பியானோ பக்கம், அரங்கத்தைப் பார்த்தபடி ஒரு நாற்காலி போட்டுக்கொண்டான். அவள் தடுமாறினால் சைகை காட்டுவதற்காம். மேடை விளக்கு அவன் முகத்திலும் அடித்தது. அது அவனுக்குப் பிடித்திருந்தது.

"நான் யாரையும் குத்தம் சொல்றவ இல்ல, ஹெர்பர்ட்," என்று ஃப்ரீடா படித்தாள்.

பழக்கதோஷத்தில் இரண்டு பேர் "ஆனா" என்றார்கள். அப்புறம் யாரும் வாயைத் திறக்கவில்லை. அவள் மோசமாகப் படிக்கவே இல்லை. எப்படிப் பேசுவாளோ அப்படித்தான் படித்தாள். இதெல்லாம் அவள் வாயிலிருந்து வந்த வார்த்தைகள், அவள் எப்படிச் சொன்னாளோ அப்படியே திரும்பி வந்தன. யாரும் சிரிக்கவில்லை.

"சிரில் மாதிரி வரலையே, கண்ணு!" என்று பின்னாலிருந்து ஒருத்தன் குரல் கொடுத்தான்.

"இந்தம்மா பொம்பளை மாதிரியே இல்லடா!" என்றான் இன்னொருத்தன். அதற்குத்தான் அன்று முதல் சிரிப்பு.

ஃப்ரீடாவுக்கு முகம் சுட்டது. ஜெயித்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தும் சுட்டது. ஒரு மனுஷி தன்னைப் போலவே இல்லை என்று ஊரே சொன்னால் எப்படி இருக்கும்? தன் அசலைத் திருடிப் பண்ணின நகலோடு ஒத்துப்பார்த்து இவள் தேறவில்லையாம். இந்த மண்டூகங்களுக்கா இருபத்தாறு வருஷம் தன் வாயைக் கொடுத்தோம் என்று ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. ரேடியோக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மூன்றாம் பக்கம் வந்தது.

"வீட்டை இடிச்சுட்டாங்க, ஹெர்பர்ட்," என்று படித்து நிறுத்தினாள். நிறுத்தம் என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் அதற்கு அடுத்த வரியை அவளால் வாயில் எடுக்க முடியவில்லை. அரங்கத்தில் கரண்டிச் சத்தம்கூட அடங்கிவிட்டது.

சிரிலுக்குப் பொறுக்கவில்லை. மேடைக்குக் கீழே மைக் பக்கம் நின்ற வில்ஃபைப் பார்த்தான். குரல் இல்லாதவன் என்ன செய்வான்? வாயை நன்றாகத் திறந்து, உதட்டை அழுத்தி, ஒவ்வொரு சொல்லாக அசைத்தான்: 'மாடு. நான் ஊட்டினாத்தான் இவளுக்குப் பேச்சே. என்னைக்காவது இவ வாயில ஒரு நல்ல வார்த்தை வந்திருக்கா?'

வில்ஃபுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. காதில் கைவைத்து "என்னய்யா?" என்றார். ஆனால் விளக்கு சிரில் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. எதிரே அறுபது தறிக்காரிகள் இருந்தார்கள். இருபத்தாறு வருஷத்தில் அவன் வாயிலிருந்து அவர்கள் படித்த முதல் முழு வாக்கியம் அதுதான்.

மூன்றாம் வரிசையில் எல்சி எழுந்து நின்றாள். வாயை மட்டும் அசைத்தாள்: 'பாத்தோம்டி. எல்லாரும் பாத்தோம். நீ பேசு.'

ஃப்ரீடா காகிதத்தை ஹெர்பர்ட்டின் காலி நாற்காலியில் போட்டாள். கைப்பையை அதன்மேல் வைத்தாள். பிறகு அரங்கத்தைப் பார்த்து, சத்தமில்லாமல், பேச ஆரம்பித்தாள்.

முதலில் கச்சையைச் சொன்னாள். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்து நிற்பவனின் பின்புறம் எப்படி இருக்கும் என்று சொன்னாள். பெண்கள் பக்கமிருந்து கீச்சென்று ஒரு சத்தம் கிளம்பியது. அவன் வெந்நீர்ப்பைக்குக் கம்பளியில் உறை பின்னச் சொல்லி அழுததைச் சொன்னாள். இன்ஷூரன்ஸ் வசூலுக்குப் போன இடத்தில் ஒரு வாத்து துரத்தி, வேலியில் மாட்டி, கால்சட்டை இல்லாமல் இருட்டும்வரை கோழிக்கூட்டில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். மேசைகள் குலுங்கின. பட்டாணி கொட்டியது. ஒருத்தி பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். ஆண்கள் முழித்தார்கள். "என்னடி? என்ன சொல்றா?" என்று பெண்டாட்டிமார்களை இடித்தார்கள். யாரும் திரும்பவில்லை. கண்ணை எடுத்தால் ஒரு சொல் போய்விடும்.

அப்புறம் ஃப்ரீடா ரோஸ்மேரியைச் சொன்னாள். துணியை, செவிலியை, பெயரைச் சொன்னாள். ஒரே ஒரு வீட்டில் ஒன்பது மாசம் குடியிருந்தவளைச் சொன்னாள். அந்த வீட்டை வைத்து மூன்றாம் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சொன்னாள்.

சிரிப்பு நின்ற வேகத்தில் ஆண்கள் பயந்துபோனார்கள். அறுபது பெண்களும் மெதுவாகத் தலையைத் திருப்பிச் சிரிலைப் பார்த்தார்கள். அந்தப் பாவி, தன் பெண்டாட்டி எப்படியோ தன் பெயரைக் காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்து, எழுந்து, மார்பில் கைவைத்துக் குனிந்து வணக்கம் போட்டான்.

நிகழ்ச்சி முடிந்ததும் ரேடியோக்காரர் நேரே பியானோ பக்கம் வந்தார். சிரில் காகிதக் கட்டை நீட்டினான். அவர் வாங்கவில்லை.

"அதை விடுங்க, அது உப்புச்சப்பில்லாம இருக்கு. கடைசியில அந்தம்மா பண்ணினாங்களே, அது! நாப்பது வருஷமா கச்சேரி பாக்கறேன், பாதி அரங்கம் சிரிச்சு, பாதி அரங்கம் முழிச்சு, அப்புறம் அப்படி ஒரு அமைதி, நான் பாத்ததே இல்ல. அதுல என்ன வருதுன்னு எழுதி அனுப்புங்க. பதிமூணு வாரமும் உங்களுதுதான்."

ஞாயிறும் திங்களும் சிரில் ஊரெல்லாம் அலைந்தான். குறிப்புப் புத்தகத்தில் 'அவள் என்ன சொன்னாள்?' என்று எழுதி, வசூல் வீடுகளிலெல்லாம் நீட்டினான். தறிக்காரிகள் படித்துப் பார்த்தார்கள், தவணையைக் கையில் வைத்தார்கள், கதவைச் சாத்தினார்கள். அவர்கள் புருஷன்மார்களைக் கேட்டான். அவர்களுக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்த ஊரில் அறுபது பெண்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு வெளியே விடாமல் இருந்தது சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை.

அடுத்த சனிக்கிழமை காலையில் குரல் திரும்பிவிட்டது. ஃப்ரீடா அடுப்படியில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். அவன் எதிரே வந்து உட்கார்ந்தான். புதுப் பக்கத்தைத் திருப்பினான், பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டான்.

"கண்ணு, ரேடியோக்காரர் மறுபடியும் கடுதாசி போட்டிருக்கார். கோவிச்சுக்காம சொல்லு. அன்னிக்கு என்னதான் சொன்னே?"

ஃப்ரீடா கத்தியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். மில்லுக்குப் புதிதாக வந்த பெண்ணுக்குச் சொல்வது போல, அவன் முகத்துக்கு நேரே, உதட்டை நன்றாக விரித்து, நிதானமாக, ஒரு சொல் விடாமல் முழுவதையும் சொன்னாள். ரோஸ்மேரி என்ற பெயரை இரண்டு தடவை சொன்னாள்.

சிரில் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பென்சில் காகிதத்துக்கு மேலேயே நின்றது.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லேன்," என்றான்.

அவள் அடுத்த உருளைக்கிழங்கை எடுத்தாள்.